உள் மெசினில் இன்னும் மே மாதம்

மூன்று நாளாக வாளியால் அள்ளி ஊற்றியதில் ஞானேஸ்வரியின் வலது தோள் உடம்பிலிருந்து கழன்று தனியே தொங்குவது போல இருந்தது. இடுப்பு நாரியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. வீட்டுக் கிணற்றிலிருந்து வயல் வரம்பு நூற்றைம்பது அடி. ஒரு நாளைக்கு இருநூறு வாளி. இரண்டு ஏக்கர் நெல்லுக்கு அது கன்றுக்குட்டி மூத்திரம் பெய்த கணக்கு. மண் அதைக் குடித்துவிட்டு முன்னிருந்ததை விடப் பெரிதாக வாயைப் பிளந்தது.

தொண்ணூறு நாள் நெல். கதிர் இன்னும் தாளுக்குள்ளே இருக்கிற குடலைப் பருவம். இந்த நேரத்தில் ஒரு கிழமை காய்ந்தால் கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இராது. அந்த அரிசிதான் அவளுக்கும், பனையால் விழுந்து நாரி முறிந்து படுத்திருந்த புருசனுக்கும் மாரி அறுவடை வரைக்கும் சோறு. வேறு வழி ஏதும் இருந்திருந்தால் அவள் இந்தக் கதைக்குள் வந்திருக்க மாட்டாள்.

கருங்காலிமடுக் குளத்தின் இடது வாய்க்காலில் மொத்தம் இருபத்தொரு வயல்கள். அவளுடையது கடைசி. குளம் இறங்கத் தொடங்கியதும், யூலை முதலாம் திகதியிலிருந்து முறைத் தண்ணீர்: ஒரு நாளைக்கு மூன்று வயல், ஏழு நாளில் எல்லா வயலும் நனையும். போன வருசம் வரைக்கும் இந்த முறையைத் துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கிற மாயாண்டி தன் தலைக்குள் வைத்திருந்தான். அதில் பிழை வந்தது குறைவு. வந்தாலும் இருபத்தொரு வீட்டுக்காரரும் வந்து அந்தத் தலையிலேயே திருத்திவிட்டுப் போவார்கள்.

2005இல் நீர்முறை நவீனமயமாக்கல் செயற்றிட்டம் வந்தது. மாயாண்டியின் தலை நம்பகமானதல்ல என்று அறுபது பக்க அறிக்கை எழுதினார்கள். துருசுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டின் திறப்பு, குளக்கட்டிலே இருந்த காவலரணில். கொம்பியூற்றர் அடித்த சீட்டைக் காட்டினால் சிப்பாய் திறப்பைத் தருவான். சீட்டில்லாமல் கட்டில் ஏறுகிறவர்களைப் பற்றிச் செயற்றிட்டக் கைநூலில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் விளங்கும்.

யூலை முதல் கிழமை இருபத்தொரு சீட்டு வந்தது. இருபது சீட்டில் இருபது பேரின் பெயர். இருபத்தோராவது சீட்டில் ஞானேஸ்வரியின் பெயர் இல்லை. ‘விவசாயி ஒன்று, வயல் இலக்கம் 999, வலது துருசு’ என்றிருந்தது.

வலது துருசின் வாய்க்கால் எண்பதுகளில் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்டது. அது போய் முடிகிற இடம் பற்றைக்காடு. அங்கே சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி, மிதிவெடி என்று எழுதி நட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் மாயாண்டி வலது துருசைத் திறந்தான். அந்தி வரைக்கும் தண்ணீர் மண்டையோட்டுப் பலகைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. எருமைகளுக்குக்கூட அங்கே போகத் துணிவில்லை.

“அக்கா, எனக்குப் படிப்பில்ல,” என்றான் மாயாண்டி. “சீட்டு வந்திருக்கு, தெறக்கிறேன். அந்தச் சீட்டுக்காரன் உசுரோட இருக்கானான்னு சீட்டில போடல.”

அடுத்த வியாழனும் அதே சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை அவள் முதல் பஸ் பிடித்து, பதினேழு மைல் கட்டை தாண்டி வவுனியாவுக்குப் போனாள்.

செயற்றிட்ட அலுவலகம் வாடகை மாடிவீடு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கண்ணாடி அறைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் காய்ந்த மாலை. மூன்று பச்சை விளக்குகள் கண்ணைச் சிமிட்டின. வெளியே ஒரு மேசையில் கொம்பியூற்றர். அதன் முன்னால் றிஃபாத் என்பவர் இருந்தார். நாற்பது வயது, நரைத்த தாடி, எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு.

றிஃபாத் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த அலுவலகத்தில் அது ஒரு குறைபாடாகவே பார்க்கப்பட்டது. அவர் அவளைக் கதிரையில் இருத்தி நடந்ததைச் சொன்னார். முறைத் தண்ணீரைக் கணக்குப் பார்க்கிற புரோகிராம், வேறொரு தேசத்தில் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கென்று எழுதப்பட்ட பழைய சாமான். புதுக் கொம்பியூற்றரில் அது ஓடாது. ஆகவே கொழும்பிலிருந்து வந்த நிபுணர் புதுக் கொம்பியூற்றருக்குள் பழைய கொம்பியூற்றர் ஒன்றைச் செய்து வைத்தார். கையால் தொட முடியாத, திரையில் ஒரு யன்னலுக்குள் மட்டும் உயிரோடிருக்கிற கொம்பியூற்றர். வேர்ச்சுவல் மெசின் என்று பெயர். அலுவலகத்தில் சுருக்கமாக உள் மெசின் என்பார்கள். கண்ணாடி அறைக்குள் இருக்கிற கறுப்புப் பெட்டி பொதுக் களஞ்சியம். சீட்டுகள் அங்கேயிருந்துதான் அச்சாகும். பெயர்களைப் பதிவது உள் மெசினில். ஆனால் உள் மெசினின் கண்ணுக்குக் களஞ்சியம் தெரியாது.

ஞானேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப உந்தப் பெட்டி குளம். வெளியிலை இருக்கிறது வாய்க்கால். உள் மெசின் வரம்பிலை வாய் வெட்டாத வயல். அப்பிடியோ?”

றிஃபாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தக் கந்தோர்ல இத விளங்கிக்கிட்ட முதல் ஆள் நீங்கதான் அக்கா.”

வாயை வெட்டிவிடுங்கோவன் என்றாள் அவள். வெட்ட ஏலாது என்றார் அவர். களஞ்சியத்தோடு பேச அனுமதிக்கப்பட்ட மெசின்களின் பட்டியலில் உள் மெசின் இல்லை. பட்டியல் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கிறது. களஞ்சியத்தில் எழுதுவதற்கான பாஸ்வேட் நிபுணரிடம் மட்டும் இருந்தது. மே பதின்மூன்றாம் திகதி அவர் களஞ்சியத்தில் தன் கையாலேயே இருபது விவசாயிகளை ஏற்றினார். இருபத்தோராவது ஆளுக்கு விரலை வைக்கும்போது வாகனம் வந்து கோர்ண் அடித்தது. பரிசோதனைக்கென்று போட்டு வைத்திருந்த ‘விவசாயி ஒன்று’ அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

“அதை விடுங்க,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “பெரிய வில்லங்கம் வேற இரிக்கி.”

வைரஸ் வரக்கூடாது என்று நிபுணர் உள் மெசினை ஒரு நிலையில் உறைய வைத்திருந்தார். மாலை நாலேகாலுக்கு நிறுத்தினால் அன்று பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். அடுத்த நாள் காலை அது கண் விழிப்பது, உறைய வைத்த அதே நாளில். மே பன்னிரண்டு, விதைப்புக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்த நாள். வெளியே யூலை பதினைந்து. உள்ளே என்றைக்கும் மே பன்னிரண்டு.

அவர் அவளுடைய பெயரைப் பதிந்து காட்டினார். உள் மெசின் சிவப்பு எழுத்தில் பதில் தந்தது: இந்த வயலில் இன்னும் விதைக்கவில்லை. விதைக்காத வயலுக்குத் தண்ணீர் இல்லை.

ஞானேஸ்வரி தன் கைகளைப் பார்த்தாள். வாளிக் கயிறு உரித்த தோல் இன்னும் ஆறவில்லை. விதைத்த கை அது.

நிறுத்தாமல் விட்டால் என்ன என்று கேட்டாள். ஒரு தடவை விட்டுப் பார்த்ததாக றிஃபாத் சொன்னார். மே பதினைந்து வரைக்கும் நன்றாகத்தான் நடந்து வந்ததாம். பிறகு கரண்ட் போய்விட்டது.

அவர்தான் அவளைப் பணிப்பாளர் பரமலிங்கத்திடம் அனுப்பி வைத்தார். பணிப்பாளர் நல்ல மனிதர். ஒருவரையும் நிற்க வைத்துக் கதைக்க மாட்டார். தேத்தண்ணீர் வரவழைத்தார். குடித்து முடியும் வரைக்கும் செயற்றிட்டத்தின் தத்துவத்தைச் சொன்னார்.

“எங்கடை அடிப்படைக் கொள்கை பகிர்வு, அம்மா. களஞ்சியத்தை எல்லாரும் பார்க்கலாம். எழுத மட்டும் ஒருத்தருக்கும் அனுமதியில்லை. அதாலை இண்டுவரைக்கும் ஒரு எழுத்துப்பிழைகூட வரேல்லை. மற்ற மாவட்டங்களிலை போய்ப் பாருங்கோ, எவ்வளவு பிழை. ஏன்? அவையள் பாவிக்கினம்.”

விவசாயி ஒன்றைப் பற்றி அவள் கேட்டாள்.

“அவர்தான் எங்கடை மிகச் சிறந்த பயனாளி,” என்றார் பணிப்பாளர். “இதுவரைக்கும் ஒரு முறைப்பாடு இல்லை. அரையாண்டு அறிக்கையிலை அவரைப் பற்றித் தனிப் பந்தி எழுதியிருக்கிறன்.”

அவர் உதவத் தயாராகவே இருந்தார். இன்று யூலை மாதம் என்பதற்கு எழுத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். ஞானேஸ்வரி திரும்பப் பதினேழு கட்டை போய்க் கிராம அலுவலரைப் பிடித்தாள். அவர் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, “இத்தால் சம்பந்தப்பட்டவர்கள் அறிய வேண்டியது, இன்று 2005 யூலை 16ஆம் திகதி என்பதை என் சொந்த அறிவிலிருந்து உறுதிப்படுத்துகிறேன்” என்று எழுதி முத்திரை குத்தினார். அப்படி ஒரு கடிதம் தன் சேவைக்காலத்தில் எழுதியதில்லை என்றும் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை கடிதம் உள் மெசினில் ஏற்றப்பட்டது. எதிர்காலத் திகதி இடப்பட்ட ஆவணம், மோசடியாக இருக்கலாம், என்று அது திருப்பியனுப்பியது. பணிப்பாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். கிராம அலுவலர்மேல் ஒரு விசாரணை வைப்பது நல்லதென்று தனக்குள் சொல்லிக்கொண்டது அவளுக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் வயலிலிருந்து ஒரு பிடி நெல்லை மண்ணோடு கெல்லி, சீமெந்துப் பையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டு போனாள். கண்டக்டர் அதற்குத் தனிச் சீற் கேட்டுச் சிரித்தான். மேசையில் வைத்தாள். விதைக்காத வயலில் இது எப்படி முளைத்தது, சேர், என்று கேட்டாள். பணிப்பாளர் எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாதிரி பெறப்பட்டது என்று பற்றுச்சீட்டு எழுதினார். பியோனைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் நட்டு, கண்ணாடி அறைக்குள், களஞ்சியத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வருகிற ஆட்களுக்குச் செயற்றிட்டத்தின் பலனைக் காட்ட அது உதவும்.

பியோன் காலையும் பின்னேரமும் அதற்குப் போத்தலால் தண்ணீர் ஊற்றினான். அவளுடைய இரண்டு ஏக்கரில் முறைத் தண்ணீர் கிடைத்தது அந்த ஒரு பிடிக்கு மட்டும்தான்.

அவள் அழுதுகொண்டு படியிறங்கியதை றிஃபாத் பார்த்தார். கூப்பிட்டு, ஒரு மனு எழுதித் தருவதாகச் சொன்னார். திகதியை விடுவோம், விதைப்பை விடுவோம், ஒன்றே ஒன்றைக் கேட்போம்: உள் மெசினையும் களஞ்சியத்தையும் இணைக்க வேண்டும், நிபுணரை வரவழைக்க வேண்டும். எழுதும்போது அவருடைய பேனை ஒரு இடத்தில் நின்றது. இணைத்தால் எது எதற்குள் போகும் என்று தனக்குச் சரியாகத் தெரியாது என்றார்.

“வாய் வெட்டினால் குளத்துத் தண்ணி வயலுக்குத்தானே வரும் தம்பி,” என்றாள் ஞானேஸ்வரி. “வயல் எங்கையாவது குளத்துக்குள்ளை பாயுமோ?”

மூன்று தலைமுறையாக வாய்க்கால் வெட்டிய குடும்பம். இதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் எழுதினார், அவள் கையெழுத்து வைத்தாள்.

நிபுணர் எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. நெல் அதுவரைக்கும் நிற்காது. ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே இருபதாம் இலக்க வயலுக்குப் போனாள். அது தில்லைநாதனுடையது. அவளுக்கு மேல் வயல், அறுபது வயது, பல்லிடுக்கில் எப்போதும் ஒரு ஈர்க்கு. அவருக்கு வியாழக்கிழமைகளில் தண்ணீர்.

கருங்காலிமடுவில் தண்ணீர் மாறுகிற வழக்கம் ஒன்று உண்டு. ஒருவருடைய முறையை இன்னொருவர் கடனாகக் கேட்கலாம். கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதையில்லை. ஆனால் தண்ணீர்க் கடனைத் தண்ணீராலேயே, அதே போகத்துக்குள், கொடுத்தவரின் நெல் கேட்கிற நாளில் அடைக்க வேண்டும். நெல்லோ காசோ கூலியோ அதற்கு ஈடில்லை. அதைக் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பேருக்கும் வெட்கம்.

தில்லைநாதன் அவளுடைய வயலுக்குள் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி, குடலையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும்.”

“ஓம் அண்ணை.”

“என்ரை நெல் மூண்டரை மாசத்தான். எனக்கு இப்ப அந்தரமில்லை. ஆவணி பிறக்கேக்கை பால் பிடிக்கும். அண்டைக்கு எனக்கு ரெண்டு பகல் வேணும், என்ரையும் உன்ரையும். தருவியோ?”

“மனுக் குடுத்திருக்கிறன். வாயை வெட்டினால் என்ரை முறை வந்திடும். தருவன் அண்ணை.”

அவர் ஈர்க்கைத் துப்பினார். “மனுவிலை கதை சொல்லாதை பிள்ளை. நீ தருவியோ எண்டுதான் கேட்டனான்.”

“தருவன்.”

வியாழக்கிழமை காலை ஆறு மணி தொடக்கம் அந்தி ஆறு மணி வரைக்கும் இருபதாம் இலக்கத்தின் தண்ணீர் இருபத்தொன்றில் பாய்ந்தது. மண் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கியபோது கொதிநெய்யில் மா போட்ட மாதிரிச் சத்தம் வந்தது. ஞானேஸ்வரி மண்வெட்டியோடு வரம்பு வரம்பாக ஓடினாள். மேல் ஏக்கர் முழுக்க நனைந்தது, கீழ் ஏக்கர் பாதி. மீதியை அவள் விட்டுவிட்டாள். அங்கே இனி ஊற்றி வேலையில்லை. அதே நேரம் வலது துருசில் விவசாயி ஒன்றின் தண்ணீரும் மண்டையோட்டுப் பலகைக்குக் கீழே ஒரு சொட்டும் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

மனு ஆச்சரியமான வேகத்தில் நிறைவேறியது. நிதி தருகிற நாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்திருந்தது. ‘இணைப்பு’ என்ற சொல் அவர்களுக்குப் பிடிக்கும் என்று பணிப்பாளருக்குத் தெரியும். யூலை இருபத்தைந்தாம் திகதி நிபுணர் வந்தார். விழா வைத்தார்கள். முன்வரிசையில் மனுதாரர் ஞானேஸ்வரியை இருத்தினார்கள். அவளுடைய ஒரு பிடி நெல், கோப்பையில் கதிர் வெளிவந்து மேடையில் இருந்தது.

“ஒரு சாதாரண விவசாயப் பெண்ணின் வேண்டுகோளிலே,” என்று பணிப்பாளர் ஒலிவாங்கியில் சொன்னார், “இண்டைக்கு உள்ளும் புறமும் ஒண்டாகுது. இனி எங்கடை உள் மெசினுக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும். அதுக்குத் தெரியாதது ஒருத்தருக்கும் தெரியாது.”

கைதட்டினார்கள். நிபுணர் பாஸ்வேட்டைத் தட்டினார். உள் மெசினின் யன்னலில் முதல் தடவையாகக் களஞ்சியம் தெரிந்தது. இரண்டில் எது சரியான பிரதி என்று திரை கேட்டது. கைநூலில் உள்ளபடி அவர் உள் மெசினைத் தெரிவு செய்தார். பச்சை விளக்குகள் வேகமாகச் சிமிட்டின. றிஃபாத் எழுந்து நின்று, “சேர், கொஞ்சம் பொறுங்க” என்றார். முடிந்துவிட்டது.

வயல் குளத்துக்குள் பாய்ந்துவிட்டது. மே பன்னிரண்டாம் திகதி, பெயர்களை ஏற்றுவதற்கு முந்திய நாள், களஞ்சியத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இருபது விவசாயிகளும் அழிந்தார்கள்; அதற்கு முன்பே பரிசோதனைக்கென்று போட்டிருந்தவன் மட்டும் நின்றான். நிபுணருக்கு வாகனம் வந்தது.

அந்தக் கிழமை காவலரணுக்கு ஒரேயொரு சீட்டு வந்தது. விவசாயி ஒன்று, வயல் இலக்கம் 999.

இருபத்தொரு பேரும் வவுனியாவுக்குப் போய்ப் படியை அடைத்து நின்றார்கள். கெட்ட வார்த்தையும் பேசினார்கள். பணிப்பாளர் பல்கனியில் வந்து பொதுமக்களின் பங்களிப்புக்கு நன்றி சொன்னார். முன்பு ஒருவருக்கு மட்டும் அநீதி நடந்ததாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது, இப்போது எல்லாரும் சமம் என்றார். பெயர்களைத் திரும்ப ஏற்றலாம்தான். ஆனால் களஞ்சியத்தின் கணக்கில் இப்போது மே மாதம். விதைத்த பிறகு வந்தால் உடனே கவனிப்பார். விதைப்புக்குத் தன் வாழ்த்துகள்.

றிஃபாத் தன் கையாலே இருபத்தொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சிப்பாய் எழுத்தைப் பார்த்தான், பிறகு துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு தலையாட்டினான். இல்லை. அந்தச் சீட்டுகளுக்காக றிஃபாத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆவணி பிறந்தது. தில்லைநாதனின் நெல் பால் பிடிக்கிற நேரம் வயல் வெடித்து, பாம்பு நுழைகிற அகலத்துக்குப் பிளந்தது. ஞானேஸ்வரி வாளியோடு அவருடைய வயலுக்குப் போனாள். ஒரு நாள் முழுக்க ஊற்றினாள். அவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்தார். அந்தியில் எழுந்து, “கிணத்துத் தண்ணி முறைத் தண்ணியில்லைப் பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அவருடைய இரண்டரை ஏக்கரும் வைக்கோல் நிறமாகியது. மாட்டை அவிழ்த்து விட்டார். மாடும் முகர்ந்துவிட்டு வந்துவிட்டது.

அவளுடைய மேல் ஏக்கர் விளைந்தது. பதினொரு மூட்டை. கீழ் ஏக்கரில் பதரோடு மூன்று. அறுத்த அன்றே ஆறு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு தில்லைநாதனின் வாசலுக்குப் போனாள். அவருடைய வீட்டில் அந்த வருசம் சோற்றுக்கு நெல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவர் வண்டியைப் பார்த்தார். மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தார். நல்ல மணி.

“நான் உனக்கு நெல்லே தந்தனான்?”

“வேறை என்னத்தை அண்ணை நான் தாறது?”

“நீ மனுக் குடுத்ததிலை எனக்குக் கோவமில்லை. எல்லாரும் கேக்கினம், இவளாலைதானே எண்டு. நான் சொன்னனான், அவள் வாய் வெட்டத்தான் கேட்டவள் எண்டு.” மூட்டையைத் திரும்பக் கட்டினார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். “கொண்டு போ. படுத்திருக்கிறவனுக்குச் சோறு வேணும். ஆனால் ஒண்டு, மறந்திடாதை.”

மறக்கமாட்டேன் என்று அவள் சொன்னாள்.

ஐப்பசியில் மழை வந்தது. எல்லா வயலுக்கும் ஒரே மாதிரிப் பெய்தது, மண்டையோட்டுப் பலகைக்குக் கீழேயும் பெய்தது. மழைத் தண்ணீர் கணக்கில் சேராது. கொடுத்த போகமும் முடிந்துவிட்டது. ஞானேஸ்வரி தில்லைநாதனுக்கு ஒரு பகல் முறைத் தண்ணீர் கடன்.